அட்டையில் எழுதிய ரத்தம்

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, என் பள்ளிப் பிள்ளைகளின் ரத்த வகையை என் இஷ்டத்துக்கு எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஆறாம் வகுப்பில் ஆரம்பித்து பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் எழுதி முடித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முடித்ததும் ஒரு டீ குடித்தேன். அந்த டீ நன்றாக இருந்தது என்பதுகூட நினைவில் இருக்கிறது.

செந்துறைக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பள்ளி. அந்த வருடம்தான் முதல் முறையாகப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை போடுவது என்று முடிவாயிற்று. ஜெயங்கொண்டத்தில் அட்டை அச்சடிக்கும் கடைக்காரர் ஒரு மாதிரி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பெயர், வகுப்பு, முகவரி, கடைசியில் ரத்த வகை.

"அது தெரியாதுங்களே. அதை எடுத்துடலாமா?" என்றேன்.

"அந்தக் கட்டம் இல்லன்னா கார்டு மொட்டையாத் தெரியும் சார். டவுன் ஸ்கூல் கார்டுல எல்லாம் இருக்கு."

டவுன் பள்ளி என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை வழிபாட்டில் எல்லாரும் ரத்த வகை கேட்டு எழுதி வர வேண்டும் என்று அறிவித்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒருவரும் கொண்டுவரவில்லை. "எங்க வூட்ல எல்லாருக்கும் ஒரே ரத்தந்தான்னு அம்மா சொல்லிச்சு சார்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சீட்டு கொண்டுவந்தது ஒரே ஒரு பிள்ளை. ஒன்பதாம் வகுப்புப் பெண். கோடு போடாத தாளை நேர்பாதியாகக் கிழித்து, ஊதா மையில், "ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரி நோட்டுல இருக்கு சார்" என்று எழுதியிருந்தாள். மூன்று வாரத்துக்கு ஒரு நாள் அவள் பள்ளிக்கு வரமாட்டாள். விடுப்புக் கடிதத்தில் 'மருத்துவமனை' என்று மட்டும் இருக்கும். என்ன நோய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் சுழித்ததோடு என் அக்கறை முடிந்தது.

நான் கணக்கு வாத்தியார். பொய் எழுதினாலும் முறையாகத்தான் எழுதுவேன். ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ், ஏ பாசிட்டிவ், நடுவில் எப்போதாவது ஒரு ஏபி. பத்தாம் வகுப்பை நெருங்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. எல்லாம் பாசிட்டிவாக இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா? அப்போதுதான் மேசையில் இருந்த அந்த ஊதா மைச் சீட்டு கண்ணில் பட்டது. ஓ நெகட்டிவ் என்றும் ஒன்று இருக்கிறதே! அதைப் பார்த்து பத்தாம் வகுப்பில் இரண்டு பையன்களுக்கு ஓ நெகட்டிவ் போட்டேன். பட்டியல் இயல்பாகத் தெரிந்தது. திருப்தியாக இருந்தது.

'யாருக்கு ரத்தம் ஏற்றினாலும் ஆஸ்பத்திரியில் சோதித்துத்தானே ஏற்றுவார்கள், அட்டையைப் பார்த்தா ஏற்றப் போகிறார்கள்?' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டுதான் பல வருடம் நிம்மதியாக இருந்தேன்.

ஓய்வு பெற்று அரியலூரிலேயே வீடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, மரியாதைக்கு என்னையும் சேர்த்தார்கள். காலை வணக்கப் பூக்களும் கல்யாணப் பத்திரிகைகளுமாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் குழுவில், சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு நல்ல காரியம் செய்தார். பள்ளியில் இருந்த பழைய அட்டைப் பட்டியலைத் தேடிப் பிடித்து, படித்து முடித்த ஆண் பிள்ளைகளின் பெயர், தொலைபேசி எண், ரத்த வகை எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, 'நம் பள்ளியின் ரத்த தானப் பட்டியல்' என்று போட்டார். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன.

நானும் கைகூப்பும் படம் ஒன்று போட்டு வாழ்த்தினேன். என் கையெழுத்தில் பிறந்த பொய் என்று தெரிந்தும் வாழ்த்தினேன். இதையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், என் மனைவியின் சர்க்கரைச் சோதனைக்காக அரியலூர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மருந்து வாங்கும் வரிசையில் மனைவி நின்றாள். நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் ஃபிளாஸ்க்கோடு. விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களுக்கு அதன் ஓட்டிலிருந்து வடியும் பாலால் அப்படி ஆகும்.

"ஹெட்மாஸ்டர் சார்தானே? எம் மவ ஒங்ககிட்டத்தான் படிச்சிச்சு. மூணு வாரத்துக்கு ஒரு நாளு லீவு போடுமே, அது."

நினைவு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதல் முறையாக நோயின் பெயரைக் கேட்டேன். தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக உண்டாக்கிக்கொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பிறர் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற இரும்புச்சத்து உடம்பில் தங்கிவிடும் என்பதால், அதைக் குறைக்கத் தினமும் மாத்திரை. நான்கு வயதிலிருந்து இதுதான். அந்தப் பெண் இப்போது வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாளாம்.

"ஆஸ்பத்திரியில ஒரு கொறையும் இல்லங்க சார். காசு பைசா கேக்குறதில்ல. மாத்திரையும் இங்கேயே கெடைக்குது. ஊனமுத்தவங்களுக்குக் குடுக்குற அட்டை வாங்கிக் குடுத்தாங்க, அதுல பஸ்ல வந்து போறோம். இது ஓ நெகட்டிவாச்சே, அந்த ரத்தம் ஸ்டாக்குல இருக்கிறதுதான் அபூர்வம். ஆளுதான் தேடணும்."

"கிடைச்சுதா?" என்றேன். 

"அதை ஏன் கேக்குறீங்க! எம் மவ போனுக்கு வந்த ஒங்க பள்ளிக்கூடத்து லிஸ்டுல ரெண்டு பேரு ஓ நெகட்டிவுன்னு போட்டிருந்திச்சு. எங்க கொலசாமியே எறங்கி வந்த மாதிரி இருந்திச்சு சார் எனக்கு. ஒரு பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கு. போனு பண்ணுனதும் லீவப் போட்டுட்டு ஓடியாந்துட்டான். இங்க டெஸ்ட்டு பண்ணா பி பாசிட்டிவாம். சரி இன்னொருத்தன் இருக்கானேன்னு மறுநாளு அவனுக்குப் போனு. ஆலத்தியூர் சிமெண்ட் ஃபேக்டரில இருக்கான், ஷிஃப்டு மாத்திக்கிட்டு வந்தான். அவனுக்கு ஏ பாசிட்டிவ். அந்த ரெண்டு பேரை நம்பி நான் வேற யாரையுமே கேக்கல. அதுல நாலு நாளு போச்சு. எம் பொண்ணுக்கு ரத்த அளவு அஞ்சுக்கு எறங்கிடுச்சு. மெஷினு மிதிக்கக் காலு வரல. தீவாளி ரவிக்கையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டோம். கடைசில திருச்சிலேருந்து வரவழைச்சு இன்னிக்குத்தான் ஏத்துறாங்க."



"எந்தப் புண்ணியவான் அந்த லிஸ்ட எழுதுனானோ! அவனுக்கு ஒரு நாளு ரத்தம் வேண்டி வரட்டும், அப்பத் தெரியும்" என்றார் அந்த அம்மா. பிறகு, மரியாதைக்குரிய ஆள் முன்னால் இப்படிப் பேசிவிட்டோமே என்று கூச்சப்பட்டு, "டீ குடிக்கிறீங்களா சார்?" என்று ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

குடித்தேன். மறுக்கவும் தைரியம் இல்லை, சொல்லவும் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவிலேயே என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நாற்பது வருடமாக என் முகத்தைப் படிக்கிறவள். நான் சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"பரிச்சையில அரை மார்க்கு சேத்துப் போட மாட்டீங்க. அதுக்காக அழுத புள்ளைங்களை நான் பாத்திருக்கேன். ரத்தத்துல மட்டும் வாரி வாரிப் போட்டீங்களாக்கும்?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து, அந்தப் பெண் வரும் நாளில் மருத்துவமனைக்குப் போனேன். நான்கைந்து கட்டில் போட்ட பகல்நேர வார்டு அது. அவள் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலைக்கு மேலே ரத்தப் பை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். இருபத்தாறு வயது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படும்மா, படு" என்றேன். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். அட்டைக் கதை, ஞாயிற்றுக்கிழமை, ஓ பாசிட்டிவ் பி பாசிட்டிவ் எல்லாம் சொன்னேன்.

 பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் நீங்களாத்தான் போட்டீங்களா சார்?"

"இல்லம்மா. நீ சீட்டு எழுதிக் கொடுத்தே. அந்தப் பட்டியல்லயே உன்னுது ஒண்ணுதான் உண்மை."

"அப்ப அந்த ரெண்டு பேருக்கு மட்டும் ஏன் சார் ஓ நெகட்டிவ்?"

இந்தக் கேள்வி வராது என்று நினைத்திருந்தேன்.

"உன் சீட்டைப் பாத்துத்தான் எழுதினேன்."

 பக்கத்துக் கட்டிலில் யாரோ போனில் பாட்டு வைத்திருந்தார்கள்.

"பாத்து எழுதுனா எங்களை முட்டி போட வைப்பீங்களே சார்" என்றாள்.

சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. முட்டி போடச் சொல்லியிருந்தால் அந்த வார்டிலேயே போட்டிருப்பேன். அறுபத்தொன்பது வயதில் எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும்.

என் ரத்தத்தைக் கொடுத்துக் கழுவிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ரத்த வங்கியில் இருந்த டெக்னீஷியன் என் தலையைப் பார்த்துவிட்டு வயதைக் கேட்டார். "அறுபத்தஞ்சு தாண்டிட்டா எடுக்க மாட்டோம் சார்." சும்மாவேனும் வகையைப் பார்க்கச் சொன்னேன். பி பாசிட்டிவ். அந்தப் பெண்ணுக்கு எந்த வயதிலும் நான் பயன்பட்டிருக்க மாட்டேன்.

பிறகு பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் வாட்ஸ்அப் குழுவில் உண்மையை எழுதிப் போட்டேன். பதிலாக நூறு கைகூப்பும் படங்கள் வந்தன. யாரும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. ஒருவர் மட்டும் 'அருமை ஐயா' என்று எழுதியிருந்தார்.

தொலைபேசியில்தான் வேலை நடந்தது. "பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரியில வகை பாத்துட்டுச் சொல்லுப்பா" என்பேன். "மறுபடியும் அட்டெண்டன்ஸா சார்?" என்று கேலி செய்வார்கள். ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். திருப்பூர்ப் பையனிடம் பேசத்தான் எனக்கு மிகுந்த கூச்சம். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார். வந்ததுக்கு சும்மா போவானேன்னு அன்னிக்கே பி பாசிட்டிவ குடுத்துட்டுத்தான் போனேன். நம்ம கார்டு இன்னும் வெச்சிருக்கேன், போட்டோல மீசை வரைஞ்சிருப்பானுங்க" என்றான்.

இரண்டு மாதம் கூப்பிட்டும் ஓ நெகட்டிவ் ஒருவர்கூட அகப்படவில்லை. அந்தப் பெண்ணுக்குத் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் எப்படியோ ரத்தம் வந்துகொண்டிருந்தது. சில முறை சரியான நாளில், சில முறை இரண்டு மூன்று நாள் தள்ளி. தள்ளிப்போகும் நாட்களில் அவள் மெஷின் நின்றுவிடும்.

ஒரு நாள் நான் போனை வைத்துவிட்டு அலுத்துக்கொண்டபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிராமலே கேட்டாள்.

"பொம்பளைப் புள்ளைங்களைக் கேட்டீங்களா?"

"அவங்க அந்தப் பட்டியல்ல இல்லையே."

"பட்டியல்ல இல்லன்னா ஒடம்புல ரத்தம் இல்லையா? புள்ள பெத்தவளுக்குத்தான் தன் ரத்தம் என்னன்னு தெரியும். மாசமா இருக்கறப்ப மொத வேலையா அதைத்தான் பாக்குறாங்க. அட்டையில எழுதியிருப்பாங்க. நீங்க எழுதின அட்டையில்ல, நர்ஸம்மா எழுதின அட்டை."

முப்பத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் வகுப்பில் பாதிப் பேரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருக்கிறேன். சென்னைக்காரர் விட்டார், நானும் விட்டேன், எங்களுக்கு அது உறைக்கக்கூட இல்லை.

பெண்களின் எண்களைத் தேடிப் பிடிப்பது லேசாக இல்லை. கல்யாணமாகிப் போன ஊர் ஒன்று, எண் கணவர் பேரில். பலமுறை கணவர்தான் எடுப்பார். "யாரு? ஹெட்மாஸ்டரா? எம் பொண்டாட்டி ரத்தம் ஒனக்கு எதுக்குய்யா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பேச்சுக்கு வந்த பெண்கள் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. கேட்ட கேள்விக்குச் சட்டென்று விடை. ஏ பாசிட்டிவ் சார். பி பாசிட்டிவ் சார். வகுப்பில் இவர்கள் இப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ஒருத்தி எடுத்ததும் சிரித்தாள்.

"நீங்க எனக்கு ஏபி பாசிட்டிவுன்னு போட்டிருந்தீங்க சார். எங்க வூட்டுக்காரரு அந்தக் கார்டத் தூக்கிட்டுப் போயி, ஒங்க டெஸ்ட்டு தப்புன்னு நர்ஸம்மாகிட்டச் சண்டை போட்டாரு. எனக்கு ஓ நெகட்டிவ். பிரசவத்துக்கு அப்புறம் அதுக்குன்னு ஒரு ஊசியே போட்டாங்க."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அடுத்த முறை ரத்தம் ஏற்ற வேண்டிய நாளுக்கு முதல் நாள், குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூர் வந்தாள். விரலில் குத்திப் பார்த்த டெக்னீஷியன் தலையை ஆட்டினார். "ஹீமோகுளோபின் பன்னெண்டரை இருக்கணும். இவங்களுக்கு பதினொண்ணுதான். இவங்களுக்கே ரத்தம் பத்தல சார்."

முந்திரிக்கொட்டை அம்மா அங்கேதான் நின்றிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறையும் நான் தப்பான ஆளை அனுப்பிவிட்டதாகவே அந்த முதுகு சொன்னது. அங்கன்வாடிக்காரிதான் அவர் பக்கத்தில் போய், "கவலைப்படாதீங்கம்மா. ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சத்துமாவு கொடுக்கிறேன். இனி நானும் குடிக்கிறேன்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, வேர்க்கடலை. வாரம் ஒரு முறை நான் கேட்பேன். "சாப்பிட்டியாம்மா?" "வீட்டுப்பாடம் முடிச்சுட்டேன் சார்" என்பாள். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். பன்னிரண்டு புள்ளி எட்டு. கூடவே தன் தம்பியையும் இழுத்து வந்திருந்தாள். அவனுக்கும் ஓ நெகட்டிவ். அவனும் என் மாணவன்தான், அதுவரை என் போனுக்கு அகப்படாதவன். அவனுக்கு நான் பி பாசிட்டிவ் போட்டிருந்தேன்.

அன்றைக்கு அக்கா கொடுத்தாள், மூன்று வாரம் கழித்துத் தம்பி கொடுத்தான். அவள் கொடுத்துவிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது அந்த அம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க சாரு கணக்கு நல்லாப் போடுவாரு தாயி. இதுல மட்டுந்தான் கோட்ட விட்டாரு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார். மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இன்றுவரை என்னிடம் நேராகப் பேசுவதில்லை. டீயும் தருவதில்லை.

மகள் பேசுவாள். ஒவ்வொரு முறையும் ரத்தம் ஏறி முடிந்ததும் அடுத்த தேதியைச் சொல்லி, "ஆளு இருக்கா சார்?" என்று கேட்பாள். இந்தத் தீபாவளிக்கு அவள் ஒரு ரவிக்கையைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. என் மனைவியின் ரவிக்கையும் அதில் ஒன்று. கை கொஞ்சம் இறுக்கம் என்று மனைவி சொல்கிறாள். அதைப் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

இப்போது ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை, ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கொடுக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வேண்டியவளுக்கு இது போதாது. யாருக்காவது காய்ச்சல் வரும், யாராவது மாசமாக இருப்பார்கள். அதனால் நான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை.

நேற்றுக் கூப்பிட்டது துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவனை.

"எனக்கு ஏ பாசிட்டிவ் சார்."

"பரிசோதனை பண்ணிப் பாத்தியாப்பா?"

"அதெல்லாம் எதுக்கு சார்? ஸ்கூல் கார்டுலயே தெளிவா இருக்கே."

"அதை நம்பாதே. அதை எழுதினது நான்தான்" என்றேன்.

"நீங்களா சார்?" என்றான். எல்லாரும் இந்த இடத்தில் இதைத்தான் கேட்பார்கள். பிறகு அவன், "ஆஸ்பத்திரி எத்தனை மணி வரைக்கும் சார்?" என்று கேட்டான்.